மாடியில் நூற்றுப்பத்து வோல்ட்

மே 2, வெள்ளி

தெருவை அடைத்துக்கொண்டு ஒரு லாரி. எதிர்வீட்டு ஸ்கூட்டர் வெளியே வர முடியவில்லை, பால்காரர் முனையிலேயே வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்தார், அத்தனை பேருடைய முணுமுணுப்பும் எனக்கு. என் தம்பி ஜெபசிங்கின் சாமான்கள் ஒஹாயோவிலிருந்து கப்பலேறி, தூத்துக்குடியில் இறங்கி, பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்துவிட்டன. அவன் மார்ச் மாதமே இரண்டு பெட்டியோடு வந்துவிட்டான். அமெரிக்காவில் இருந்தது போதும், இனி இங்கேதான் என்றான். சந்தோஷம். மனைவி மெர்சியும் மகள் ஷெரினும் பிறகு வருவார்களாம், ஷெரினுக்குப் பள்ளிக்கூடம் முடிய வேண்டுமாம். அதுவும் சந்தோஷம். இத்தனை அட்டைப்பெட்டி வரும் என்று மட்டும் எவரும் சொல்லவில்லை.

சாயங்காலம் வரை மாடியில் உட்கார்ந்து பிரித்தான். கேக் மாவு பிசைகிற பெரிய மிக்சர், ரொட்டி சுடுகிற டப்பா, பாப்கார்ன் பொரிக்கிற இயந்திரம், வாஃபிள் என்று ஏதோ பலகாரம் சுடுகிற இரும்பு, படுக்கையறை விளக்கு, சிவப்பு எண்கள் மினுங்குகிற ஒரு அலாரம் கடிகாரம். எல்லாவற்றுக்கும் தட்டையான இரண்டு பல் பிளக். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், இதெல்லாம் நம் கரண்டில் ஓடுமா என்று. ஓடாதாம். அங்கே நூற்றுப்பத்து வோல்ட், இங்கே இருநூற்று முப்பது, நேராகச் சொருகினால் எரிந்துவிடுமாம். ஓடாத சாமானைக் கடல் தாண்டிக் கொண்டுவந்த புண்ணியவான் என் தம்பி ஒருவனாகத்தான் இருக்கும்.

டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிடலாம் என்கிறான். தெருமுனையில் கம்பத்தின்மேல் நிற்பதைத்தான் நான் இதுவரை டிரான்ஸ்ஃபார்மர் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்குள்ளும் வைக்கலாமாம்.

மே 3, சனி

பீங்கான் சாமான்களை நான் கழுவி அடுக்கினேன். எட்டுத் தட்டு வர வேண்டிய செட்டில் நான்குதான் இருக்கிறது. உடைந்திருக்கும் என்று பெட்டிக்குள் துழாவினேன், ஒரு சில்லுகூட இல்லை. கிண்ணமும் நான்கு. படுக்கையறை விளக்கு ஜோடியாகத்தானே விற்பான்? ஒன்றுதான் வந்திருக்கிறது. தலையணை உறைகூடப் பாதி.

கப்பல் கம்பெனிக்காரன் கை வைத்துவிட்டான். அதுவும் எவ்வளவு நிதானமாக, பாதிப் பாதியாகப் பிரித்து எடுத்திருக்கிறான்! புகார் எழுதப் போகிறேன் என்றேன். ஜெபசிங் வேண்டாம் என்றான். ஏன் வேண்டாம் என்று கேட்டதும் மாடிக்குப் போய்விட்டான். இப்படி இருந்தால் ஏன் ஏமாற்ற மாட்டார்கள்?

மே 6, செவ்வாய்

டிரான்ஸ்ஃபார்மர் வந்துவிட்டது. இரண்டு பேர் தூக்கி வந்தார்கள், மாடிப்படித் திருப்பத்தில் சுவரைப் பெயர்த்தார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு இரும்புப் பெட்டி. சுவிட்சைப் போட்டதும் முனக ஆரம்பித்தது. பல்வலிக்காரன் வாய்க்குள் முனகுவானே, அந்த மாதிரி, நிறுத்தாமல். கீழே என் அறைவரை கேட்கிறது. இந்த வீட்டில் இத்தனை வருஷம் தனியாக, அமைதியாக இருந்து பழகியவள் நான்.

முதல் நாள் காரியமாக வாஃபிள் சுட்டான். அதற்கென்று மாவு இங்கே கிடைக்கவில்லை என்பதால் என் தோசை மாவில் பாதியை எடுத்துக்கொண்டான். கட்டம் போட்ட ஊத்தப்பம் வந்தது. மிளகாய்ப்பொடி தொட்டுச் சாப்பிட்டேன். மோசமில்லை, ஆனால் அதை அவனிடம் சொல்லவில்லை.

மே 7, புதன்

மாடியில் அவன் அந்த இரும்பைப் போட்டதில் காலையிலிருந்து மூன்று தடவை மெயின் விழுந்துவிட்டது. கிரைண்டரில் மாவு பாதியில் நிற்கிறது.

மே 11, ஞாயிறு

கோயிலில் ஆராதனைக்குப் பிந்திப் போனோம். என் வாழ்நாளில் முதல் பாடலுக்குப் பிறகு நான் உள்ளே நுழைந்ததே இல்லை. எல்லாத் தலையும் திரும்பியது.

காரணம் நேற்றிரவு அவன் ஓடவிட்ட அந்தச் சிவப்பு எண் கடிகாரம், அதை நம்பி மெதுவாகக் கிளம்பியவனுக்காக நான் காத்திருந்தேன். டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான் ஓடுகிறது, எரியவில்லை, புகையவில்லை, ஆனால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்குகிறது. ஜெபசிங் மத்தியானம் முழுக்க இன்டர்நெட்டில் தேடிக் கண்டுபிடித்தான். அங்கே கரண்ட் விநாடிக்கு அறுபது தடவை துடிக்குமாம், இங்கே ஐம்பது. இந்தக் கடிகாரம் அந்தத் துடிப்பை எண்ணித்தான் மணி காட்டுகிறதாம். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டைக் குறைக்கும், துடிப்பைக் கூட்டாதாம்.

தூக்கிப் போட்டுவிட்டு முருகன்குறிச்சியில் ஒன்று வாங்கு என்றேன். "இருக்கட்டும்க்கா," என்றான். இனி காலையில் ஒருமுறை, படுக்கப் போகும்போது ஒருமுறை என்று உட்கார்ந்து திருத்தப் போகிறானாம். எழுந்திருக்க போனில் அலாரம் வைத்துக்கொள்வானாம். பிறகு அந்தக் கடிகாரம் எதற்கு என்று கேட்டால் எனக்குத்தான் ரத்தக்கொதிப்பு.

மே 18, ஞாயிறு

இன்று நடந்ததை நியாயமாகவே எழுதுகிறேன். போதகரம்மா மாலை ஜெபத்துக்கு வருவதாக இருந்தது. கேக் செய்யலாம் என்று நினைத்தேன். அந்தப் பெரிய மிக்சரைக் கீழே இறக்கி வைத்திருந்தான். டிரான்ஸ்ஃபார்மர் மாடியில். மாவை அள்ளிக்கொண்டு மாடி ஏறுவதா? வெளிநாட்டுப் பிளக்கை நம் சுவரில் சொருகுகிற சின்ன அடாப்டர் ஒன்று மேஜையில் கிடந்தது. பொருந்துகிறதே என்று பொருத்தினேன். ஒரு நொடி பேய் மாதிரி சுற்றியது. அப்புறம் டப் என்றது. அடுக்களை முழுக்க நீலப் புகை, கூரைவரை மாவு.

நான் வேதியியல் ஆசிரியை. இயற்பியல் ஆசிரியை இல்லை.

ஜெபசிங் ஓடி வந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்து நானும் இரண்டு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். திட்டவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதன் மேலிருந்த மாவைத் துணியால் துடைத்தான். "ஷெரின் பிறந்தநாள் கேக் எல்லாம் இதுலதான்க்கா செஞ்சது," என்றான். அவ்வளவுதான். அவன் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மே 25, ஞாயிறு

ஷெரின் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போனில் கூப்பிடுவாள். அங்கே அப்போது சனி ராத்திரி. ஜெபசிங் ஆறரைக்கே தலை சீவிக்கொண்டு மாடியில் உட்கார்ந்துவிடுவான். பேசி முடித்து வரும்போது முகம் தெளிவாக இருக்கும். மெர்சி பேசினாளா என்று கேட்பேன், வேலைக்குப் போயிருக்கிறாள் என்பான். எல்லாச் சனிக்கிழமையும் ராத்திரி வேலையா? மார்ச்சிலிருந்து எனக்கு ஒரு வார்த்தை இல்லை. நாத்தனாரிடம் பேசினால் என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை. ஒரு வேளை நான் ஏதாவது சொல்லிவிட்டேனோ என்றும் யோசித்துப் பார்த்தேன். நிறையச் சொல்லியிருக்கிறேன், ஆனால் எல்லாம் பழசு.

ஜூன் 3, செவ்வாய்

மாடிக்காக இன்று நேராகவே கேட்டேன். ஓய்வு பெற்றதிலிருந்து மாடி ஹாலில்தான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அடுத்த வாரம் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். அங்கே இப்போது கால் வைக்க இடமில்லை. கட்டில் போட்டு, பாதி வந்த உறைகளை மாட்டி, ஒற்றை விளக்கை ஏற்றி, ரொட்டி டப்பாவையும் வாஃபிள் இரும்பையும் வரிசையாக வைத்து, எல்லாவற்றையும் டிரான்ஸ்ஃபார்மரில் கோத்து வைத்திருக்கிறான். எந்த வயரிலாவது கால் இடறினால் மெயின் விழும்.

ஷெரின் வந்தால் அவளுக்குப் பழகினது எல்லாம் இருக்க வேண்டுமாம், ஒன்றுக்கும் கஷ்டப்படக் கூடாதாம். "எப்பம் வாரா?" என்றேன். டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். மூன்று மாதமாக டிக்கெட் பார்க்கிறார்கள். கப்பலிலேயே வந்திருக்கலாம்.

ஜூன் 9, திங்கள்

டியூஷனைச் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தேன். மேலேயிருந்து முனகல். பிள்ளைகள் கூரையைப் பார்க்கிறார்கள். அது டிரான்ஸ்ஃபார்மர் என்றேன். வீட்டுக்குள்ளேயா என்று கேட்டுச் சிரித்தார்கள். பிறகு பாப்கார்ன் வாசம் இறங்கி வந்தது. இனி அவர்கள் தலையில் ஆவர்த்தன அட்டவணை ஏறுமா?

ஜூன் 14, சனி

கப்பல் கம்பெனிக்குப் புகார்க் கடிதம் எழுதி முடித்தேன். தட்டு, கிண்ணம், விளக்கு, உறை எல்லாவற்றையும் குறிப்பிட்டிருக்கிறேன். ஜெபசிங்குக்குத் தெரியாமல் அனுப்பப் போகிறேன். தபால்தலைதான் வாங்க வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

மாடிப் பிளக் எல்லாம் நிரம்பிவிட்டதால் நேற்றிரவு போனை அடுக்களையில் சார்ஜில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறான். ஏழு மணிக்கு அது அலறியது. மாடியைப் பார்த்துக் கூப்பிட்டேன், அவன் இறங்கி வரவில்லை. நின்று, மறுபடி அலறியது. எதையோ அமுக்கினேன், ஷெரின் முகம் வந்துவிட்டது.

சின்னப் பிள்ளையாகப் பார்த்தது. மெர்சியின் நெற்றி, எங்கள் வீட்டு மூக்கு. திக்கித் திக்கித் தமிழ் பேசினாள். அப்பா தூங்குகிறார் என்றேன். சிரித்தாள். அப்பா எப்போதும் லேட்தான், அதற்காகவே என் கடிகாரத்தை அவர் பெட்டியில் வைத்து அனுப்பினேன், ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது எழுந்திருக்க வேண்டும் என்று, என்றாள். அந்தக் கடிகாரத்தின் லட்சணத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். கர்த்தர் புண்ணியத்தில் மூடிக்கொண்டேன்.

சாமான்கள் எல்லாம் பத்திரமாக வந்ததா என்று கேட்டாள். பாதித் தட்டைக் கப்பல்காரன் திருடிவிட்டான், விடப் போவதில்லை என்றேன்.

"அத்தை, அப்பா உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

அப்புறம் அவள் சொன்னாள். அதையெல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பிள்ளை சொல்ல வேண்டிய விஷயமும் இல்லை, நான் கையில் கரண்டியோடு நின்று கேட்க வேண்டிய விஷயமும் இல்லை. ஒன்று மட்டும். எது அப்பாவுக்கு, எது அம்மாவுக்கு என்று பிரித்து வைத்தது அவள்தானாம். பெரியவர்கள் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளாததால் அவளிடம் விட்டுவிட்டார்களாம். வாஃபிள் இரும்பு அப்பாவுக்கு, ஏனென்றால் சனிக்கிழமை காலையில் அப்பாதான் அவளுக்குச் சுட்டுக் கொடுப்பார். மிக்சர் அப்பாவுக்கு, ஏனென்றால் பிறந்தநாள் கேக் அப்பாதான் செய்வார். இங்கே இதெல்லாம் ஓடாது என்று அவளுக்குத் தெரியாது. அப்பா சொல்லவும் இல்லை, ஒவ்வொன்றுக்கும் தேங்க்யூ என்று மட்டும் சொன்னாராம்.

கடைசியில், "அங்க எனக்கு இடம் இருக்கா அத்தை?" என்றாள். "மாடி பூரா உனக்குத்தான்னு உங்கப்பன் என்னையவே ஏற விட மாட்டேங்கான்," என்றேன். அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்பா போனதில் அவளுக்குக் கோபம் இருக்கிறது. இருக்கத்தான் செய்யும்.

ஏழரைக்கு ஜெபசிங் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தான். நடுவில் விழித்தானாம், கடிகாரத்தில் ஆறுகூட ஆகவில்லையாம், திரும்பப் படுத்துவிட்டானாம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், போனைப் பார்த்தான், முகம் விழுந்துவிட்டது. ஷெரின் கூப்பிட்டாளா? கூப்பிட்டாள், தூங்குகிறாய் என்று சொல்லி வைத்துவிட்டேன், வேறு ஒன்றும் பேசவில்லை என்றேன். ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டே பொய்.

கப்பல் கம்பெனிக்கு எழுதியதைக் கிழித்துப் போட்டேன். அவர்கள் ஒன்றையும் திருடவில்லை. மற்ற நான்கு தட்டும் மெர்சியின் அலமாரியில் இருக்கின்றன.

ஜூன் 23, திங்கள்

தலைவலி. டியூஷன் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

எரிந்த மிக்சரை ஜங்ஷனில் மோட்டார் காயில் கட்டும் கடையில் கொடுத்தேன். எதற்கு என்று ஜெபசிங் கேட்டான். சும்மா கிடப்பதைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது என்றேன். உண்மைதான், எரிச்சல்தான்.

அவனும் மெர்சியும் பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறதாம். இரண்டு வருஷமாக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் குடும்பத்தின் வாழ்த்துகள் என்று எனக்கு அட்டை அனுப்பியவன் இவன். அக்காவிடம் சொல்ல என்ன பயம்? நான் என்ன புலியா?

ஜூன் 29, ஞாயிறு

ஆறரைக்கு அவன் கதவை இடித்து எழுப்பினேன். பால் பொங்கிவிட்டது, வந்து துடை என்றேன். பால் பொங்கவில்லை. ஆனாலும் ஏழுக்கு மகளோடு பேசிவிட்டான்.

ஜூலை 2, புதன்

அவன் காலை நடைக்குப் போனதும் மாடிக்குப் போய்க் கடிகாரத்தைத் திருத்தினேன். மத்தியானம் அவன் குளிக்கும்போது ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. மணி தப்பாக இருந்தால் எனக்குப் பிடிக்காது, வேறு காரணம் ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை மாடிப்படி ஏறி இறங்குவது முழங்காலுக்கு நல்லதல்ல.

ராத்திரிச் சாப்பாட்டில் ஜெபசிங், கடிகாரம் இப்போது பரவாயில்லை, நம் ஊர்க் கரண்டுக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது என்றான். பழகும் பழகும் என்றேன். இன்ஜினீயரிங் படித்தவன்.

ஜூலை 6, ஞாயிறு

ஷெரினுக்கு அங்கே ஒரு கடையில் விடுமுறை வேலை கிடைத்துவிட்டதாம். அதற்குப் பிறகு கல்லூரி. வரவில்லை.

கோயில் வாசலில் போதகரம்மா வழக்கம்போல் கேட்டார், மெர்சியும் பிள்ளையும் எப்போது வருகிறார்கள் என்று. மெர்சிக்கு லீவு கிடைக்கவில்லை என்றான் ஜெபசிங். அவன் காது மடல் சிவந்திருந்தது. அங்கேயெல்லாம் லீவு கிடைப்பது ரொம்பக் கஷ்டம் என்று நானும் சேர்ந்துகொண்டேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் செருப்பு மாட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

ஜூலை 17, வியாழன்

இந்த மனிதனை என்ன செய்வது? நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, மாடியில் டிரான்ஸ்ஃபார்மரைக்கூட அணைத்துவிட்டான். எத்தனை நாள் இந்த அமைதிக்கு ஏங்கினேன், இப்போது அந்த முனகல் இல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்று எல்லாவற்றையும் பெட்டி கட்டிக் கீழே இறக்குகிறான். ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரப் பண்டிகை. கோயிலுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றான்.

"எதுக்குடே?"

"உனக்கு மாடி வேணும்லா. நீதான கேட்டுக்கிட்டே இருந்த?"

கேட்டேன். மே மாதத்திலிருந்து கேட்டேன். பொருளைத் தூக்கிப் போடு என்று நான் சொன்னபோதெல்லாம் இருக்கட்டும் என்றவன், நான் சொல்வதை நிறுத்தியபிறகு தூக்கிப் போடுகிறான். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்குத் தெரியும் என்று. அவனாகச் சொல்லாததை நானாக எப்படிப் பிடுங்குவது?

ஜூலை 20, ஞாயிறு

விரல் வலிக்கிறது, ஆனால் எழுதாமல் படுக்க முடியாது.

எங்கள் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு விளைந்தது, வளர்த்தது, வீட்டில் இருப்பது எதையாவது கொண்டுபோய்ப் பீடத்தின் முன் படைப்போம். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம். ஒரு முட்டைக்கு ஒரு கோழியின் விலை கொடுப்பதுதான் அங்கே மரியாதை. வாழைத்தார், தேங்காய், சேவல், ஒரு ஆட்டுக்குட்டி எல்லாம் போனபிறகு ஜெபசிங்கின் சாமான்கள் மேஜைக்கு வந்தன.

சபைச் செயலாளர் தங்கதுரைதான் ஏலம் விடுவார். வாஃபிள் இரும்பைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, இது இஸ்திரிப் பெட்டியா, முறுக்கு மிஷினா என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அமெரிக்கச் சாமான், நம்ம கரண்டுல ஓடாதாம் என்று பின்னாலிருந்து எவரோ சொன்னார்கள். அதற்கும் சிரிப்பு. ஜெபசிங் பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான். ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் ஜவுளிக்கடை எட்வின் வேடிக்கைக்காக ஒரு விலை சொன்னான், பழைய இரும்புக்குப் போடலாம் என்றும் சொன்னான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு பிள்ளை தன் தகப்பனுக்கென்று எடுத்து வைத்த சாமான். கையைத் தூக்கிவிட்டேன்.

எட்வின் மேலே கேட்டான். நான் அதற்கு மேலே. அவனும் விளையாட்டாக ஏற்றினான். சபையே திரும்பி என்னைப் பார்த்தது, பியூலா டீச்சர் காணிக்கைத் தட்டில் சில்லறை எண்ணிப் போடுகிறவள் என்று எல்லாருக்கும் தெரியும். எட்வின் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன், இரண்டு தடவை படித்தவன். அவனை ஒரு பார்வை பார்த்தேன். அவன் கை தானாக இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக. ரொட்டி டப்பா, ஒற்றை விளக்கு, நான்கு தட்டு. கடைசியாகத் தங்கதுரை அந்தக் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டியபோது என் கை முன்னாலேயே மேலே இருந்தது. பாப்கார்ன் இயந்திரத்தை மட்டும் எட்வினுக்கு விட்டுக்கொடுத்தேன், பாவம். நேராகச் சொருகாதே என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். அவன் வகுப்பிலேயே நான் சொன்னதைக் கேட்காதவன், அவன் கடையில் புகை வந்தால் நான் பொறுப்பில்லை.

ஆட்டோவில் பெட்டிகளுக்கு நடுவே இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு வந்தோம். கடிகாரம் அவன் மடியில். ஆட்டோ சமாதானபுரம் தாண்டியது.

"எதுக்குக்கா இது? உனக்கு இதைக் கண்டாலே ஆகாதே," என்றான்.

"இப்பவும் ஆகாதுதான். ஷெரின் வந்தா அவளுக்கு வேணும்லா."

வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு, "மெர்சி வரமாட்டாக்கா," என்றான்.

"தெரியும்."

"எப்பம் இருந்து?"

"இந்தக் கிளாக் உன்னை எழுப்பாம விட்ட அன்னையில இருந்து. ஒம் மகதான் சொன்னா. நீ சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன், நீ எங்க சொன்ன?"

அவன் அழுதான். ஐம்பத்து மூன்று வயது மனிதன், மடியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, மூக்கைச் சட்டைக் கையில் துடைத்து, சின்ன வயதில் அழுத மாதிரியே அழுதான். நீ திட்டுவ என்று நினைத்தேன் என்றான். திட்டத்தான் போறேன், வீட்டுக்கு வா என்றேன். எனக்கும் அழுகை வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்ததால் நிறுத்திக்கொண்டேன்.

ஜூலை 21, திங்கள்

திட்டினேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். இரண்டாம் தடவை சோறு வாங்கினான்.

எல்லாம் திரும்ப மாடிக்குப் போய்விட்டது. திருப்பத்தில் சுவர் மறுபடி பெயர்ந்தது.

ஜூலை 25, வெள்ளி

எலக்ட்ரீஷியன் வந்து மாடிக்குத் தனி லைன் இழுத்தார், இனி என் கிரைண்டரும் அந்த வாஃபிள் இரும்பும் ஒரே நேரத்தில் ஓடலாம். டியூஷன் இந்த வருஷம் சாப்பாட்டு மேஜையில்தான். பிள்ளைகளுக்கு முனகல் பழகிவிட்டது, அது நின்றால்தான் மேலே பார்க்கிறார்கள். மிக்சர் காயில் கட்டி வந்துவிட்டது, நம் கரண்டுக்கே ஓடுகிறது. சத்தம் மட்டும் அரிசி மில் மாதிரி.

ஜூலை 27, ஞாயிறு

ஏழு மணிக்கு ஷெரின் கூப்பிட்டாள். ஜெபசிங் பேசிவிட்டு, முதல் தடவையாகப் போனை என்னிடம் நீட்டினான். எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியும் என்பதை அவளிடம் சொல்லிவிட்டான் போல. அவள் முகத்திலும் ஒரு பாரம் குறைந்திருந்தது.

இடம் இருக்கா என்று கேட்டியே, பார் என்று சொல்லிப் போனைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். ஜெபசிங் பின்னாலேயே வந்தான். கட்டிலைக் காட்டினேன், ஒற்றை விளக்கைக் காட்டினேன், வாஃபிள் இரும்பைக் காட்டினேன், அதில் தோசை மாவு காய்ந்து ஒட்டியிருந்ததையும் காட்ட வேண்டியதாயிற்று. அவள் சிரித்துக்கொண்டே வந்தவள், கடிகாரத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். நேற்றுச் சாயங்காலம் திருத்தியதோடு சரி, அது ஐந்து மணி சொச்சத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"அத்தை, கிளாக் தப்பாக் காட்டுது."

ஜெபசிங் அறுபது, ஐம்பது என்று விளக்க ஆரம்பித்தான். சும்மா இருடே என்று அவனை அடக்கினேன்.

"ஆமா, தப்பாத்தான் காட்டுது. வந்து நீயே திருத்திட்டுப் போ."

அவள் திரும்பிச் சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். பிறகு, டிசம்பரில் மூன்று வாரம் விடுமுறை இருக்கிறது, வரட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். அப்பாவிடம் கேட்கட்டுமா என்றாள். அப்பாவிடம் என்ன கேட்க, இந்த வீட்டுக்குப் பெரியவள் நான்தான் என்றேன். பின்னால் ஜெபசிங் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் வழக்கம்போல் கடிகாரத்தைத் திருத்த மாடிப்படி ஏறினேன். பாதியில் நின்றேன், திரும்ப இறங்கி வந்துவிட்டேன். டிசம்பர் வரைக்கும் அது தப்பாகவே ஓடட்டும்.